ஆண்டிறுதிக் கணக்கில் பதியப்படாத செலவு

கேள்வி: எனக்கு வயது 34. சொந்த இடம் யாழ்ப்பாணம். ஒன்பது வருடங்களாகக் கொழும்பில் ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியில் வசிக்கிறேன். ஒவ்வொரு டிசம்பர் 31ஆம் திகதி இரவும் அடுத்த வருடம் செய்ய வேண்டியவற்றை டயரியின் முதற்பக்கத்தில் எழுதுவது என் பழக்கம். போன வருடம் ஏழு எழுதினேன்: பட்டயக் கணக்காளர் பரீட்சையில் மிஞ்சியிருக்கும் இரண்டு பாடங்களையும் முடிப்பது, சிங்களம் சரளமாகப் பேசுவது, ஐந்து இலட்சம் ரூபா சேமிப்பது, சாரதி அனுமதிப்பத்திரம் எடுப்பது, தினமும் நடப்பது, தினமும் அம்மாவுடன் தொலைபேசியில் பேசுவது, கோபத்தைக் குறைப்பது. அனுமதிப்பத்திரத்தைத் தவிர மற்ற ஆறுக்கும் நேரே, நிறைவேறவில்லை என்று இப்போது புள்ளடி போட்டிருக்கிறேன். பெப்ரவரி, மார்ச்சில் விடியற்காலை எழும்பிப் படித்தேன், பிறகு விட்டுப்போயிற்று. சிங்களம் நான்கு வருடமாகப் பட்டியலில் இருக்கிறது. கேட்டால் விளங்கும், பேச வாய் திறந்தால் ஆங்கிலம்தான் வருகிறது. ஏப்ரல் வரை சேமித்த ஒரு இலட்சத்து நாற்பதாயிரமும் செலவாகிவிட்டது. அம்மாவுடன் பேசுவது ஜூனோடு நின்றது. மே மாதம் அம்மா விழுந்து இடுப்பெலும்பு முறிந்ததால் சில காலம் ஊருக்குப் போக்குவரத்தாக இருந்தது, லீவு எல்லாம் ஓகஸ்டுக்குள் முடிந்துவிட்டது, இப்போது அவர் என்னுடன்தான் இருக்கிறார். தம்பி கனடாவிலிருந்து மாதாமாதம் காசு அனுப்புகிறான். என்னோடு படித்தவர்கள் எல்லோரும் எங்கேயோ போய்விட்டார்கள். எதையும் முடிக்கத் தெரியாதவள் நான் என்பதே இந்த வருடம் நான் கற்ற பாடம். இனிமேல் பட்டியல் எழுதுவதை விட்டுவிடலாமா? எனக்கு மன உறுதி போதாதா? இரவில் நித்திரையும் சரியில்லை.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் இரு கேள்விகளுக்கும் முதலிலேயே விடை சொல்லிவிடுகிறேன். பட்டியல் எழுதுவதை நிறுத்த வேண்டாம். உங்களுக்கு மன உறுதி போதாது என்று முடிவுகட்டுவதற்கு இந்தக் கடிதத்தில் ஆதாரம் எதுவுமில்லை. அதற்கு எதிரான ஆதாரம்தான் இருக்கிறது, அதை நீங்கள் ஒரே வசனத்தில் கடந்து போயிருக்கிறீர்கள்.

பட்டியலைக் கைவிட வேண்டாம் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. அமெரிக்காவின் ஸ்க்ரான்டன் பல்கலைக்கழக உளவியலாளர் ஜோன் நோர்க்ராஸும் சகாக்களும் 2002இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், புத்தாண்டுத் தீர்மானம் எடுத்தவர்களையும், அதே மாதிரியான மாற்றத்தை விரும்பினாலும் தீர்மானம் எதுவும் எடுக்காதவர்களையும் ஆறு மாதங்கள் தொடர்ந்து விசாரித்தார்கள். ஆறு மாத முடிவில் முதற்பிரிவில் 46 வீதத்தினர் தம் முயற்சியில் இன்னும் நின்றார்கள். இரண்டாம் பிரிவில் அவ்வாறு மாறியிருந்தவர்கள் 4 வீதத்தினரே. இவை பங்குபற்றியவர்கள் தாமே சொன்ன விடைகள், ஆகையால் சிலர் கொஞ்சம் கூட்டிச் சொல்லியிருக்கலாம். ஆனாலும் 46க்கும் 4க்கும் இடையிலான தூரம் அவ்வளவு எளிதில் அடைபடாது. அதே கணக்கை மறுபக்கமாக வாசித்தால், தீர்மானம் எடுத்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் ஆறு மாதத்துக்குள் தவறியிருக்கிறார்கள் என்பதும் தெரியும். தவறுவது பெரும்பான்மையினரின் அனுபவம், உங்களுக்கு மட்டும் வாய்த்த குறையல்ல.

இனி அந்த ஒரு வசனத்துக்கு வருகிறேன். கணக்குப் பிரிவில் இருக்கும் உங்களிடம் உங்கள் தொழிலின் மொழியிலேயே கேட்கலாம் என்று நினைக்கிறேன். ஆண்டுத் தொடக்கத்தில் போட்ட பாதீட்டையும் ஆண்டு முடிவில் நடந்ததையும் அருகருகே வைத்து, வித்தியாசங்களுக்கு ஒரு வரி விளக்கமும் எழுதாமல், "ஏழில் ஒன்று" என்று மட்டும் குறித்து ஓர் அறிக்கையை உங்கள் உதவியாளர் கொண்டுவந்து தந்தால் ஏற்றுக்கொள்வீர்களா? அதற்கும் மேலாக, பாதீட்டில் இல்லாத மிகப் பெரிய செலவொன்று ஆண்டின் நடுவில் வந்து, அது ஏட்டில் பதியப்படாமலே கணக்கு மூடப்பட்டிருந்தால், அதில் எந்தக் கணக்காய்வாளர் கையொப்பமிடுவார்? உங்கள் டயரியின் முதற்பக்கத்தில் நடந்திருப்பது அதுதான். அம்மாவின் விழுகையும் அதன் பின்னான ஏழு மாதங்களும் அந்தப் பக்கத்தில் எங்குமே இல்லை.

"போக்குவரத்து" என்ற ஒரு சொல்லுக்குள் நீங்கள் அடக்கியதை நான் விரித்துப் பார்க்கிறேன். வெள்ளிக்கிழமை வேலை முடிந்து, இரவு வெள்ளவத்தையிலேயே யாழ்ப்பாண பஸ்ஸில் ஏறி, ஏறக்குறைய 400 கிலோமீற்றர் உட்கார்ந்தபடி அரைத்தூக்கத்தில் போய், விடியும்போது இறங்கி, நேரே வைத்தியசாலைக்கோ வீட்டுக்கோ போய், ஞாயிறு இரவு அதே வழியால் திரும்பி, திங்கட்கிழமை காலை அலுவலகத்தில் கணினியைத் திறந்திருப்பீர்கள். கடை, காரியாலய ஊழியர் சட்டப்படி உங்களைப் போன்றவர்களுக்கு ஆண்டுக்கு வருடாந்த விடுமுறை 14 நாளும் அமைய விடுமுறை 7 நாளும் உண்டு. வயதான ஒருவருக்கு இடுப்பெலும்பு முறிந்தால் முன்போல் நடமாடப் பல மாதங்கள் ஆகும். அந்த 21 நாளும் ஓகஸ்டுக்குள் போனதில் வியப்பில்லை. பரீட்சைக்கு முந்திய வாரங்களில் எடுத்துப் படிக்கலாம் என்று நீங்கள் மனதில் வைத்திருந்த லீவும் அதற்குள்தான் இருந்திருக்கும். அப்படியென்றால் பரீட்சைக்கு நேரே நீங்கள் போட்ட புள்ளடியின் காரணம் சோம்பல் அன்று. அந்த நாட்கள் வேறொரு தலைப்பின் கீழ் செலவாகிவிட்டன.

உங்கள் பட்டியலில் என்னை மிகவும் நிறுத்தி வைத்தது ஆறாவது வரி. தினமும் அம்மாவுடன் தொலைபேசியில் பேச வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். அது ஜூனோடு நின்றுபோனது என்று புள்ளடி போட்டிருக்கிறீர்கள். அம்மா ஜூனில் உங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார் என்றால், அதன் பின் யாருக்குத் தொலைபேசி எடுப்பது? பக்கத்து அறையில் படுத்திருப்பவருக்கு மருந்து கொடுத்து, குளியலறைக்குக் கைத்தாங்கலாக அழைத்துப்போய், இரவில் கூப்பிட்டால் எழுந்து போகிற மகள், "அம்மாவுடன் பேசுதல்: இல்லை" என்று டயரியில் குறிக்கிறார். இதை எழுதும்போது எனக்குக் கொஞ்சம் சிரிப்பும் வந்தது, நீங்கள் பொறுத்துக்கொள்வீர்கள். ஆனால் சிரிப்பதற்கு அப்பால் இதில் முக்கியமான ஒன்று இருக்கிறது. அந்த வரியை நீங்கள் எழுதியது தொலைபேசிக்காக அல்ல, அம்மா தனிமையை உணரக்கூடாது என்பதற்காக. அந்த நோக்கம் நீங்கள் நினைத்ததைவிடப் பல மடங்கு நிறைவேறியிருக்கிறது. அதற்காகக் குறித்துவைத்த வழி மட்டுமே வழக்கொழிந்தது. வழியை வைத்து நோக்கத்துக்குப் புள்ளி போடுகிறவர் வருடம் முழுக்க உழைத்தாலும் டிசம்பரில் வெறுங்கையோடுதான் நிற்பார்.

ஆகையால் அந்தப் புள்ளடிகளை அப்படியே ஏற்காமல், கணக்கை ஒருமுறை திருப்பி எழுதுங்கள். ஒரு மாலை நேரம் போதும். ஆனால் நினைவை நம்பி எழுத வேண்டாம். மனம் சோர்ந்திருக்கும் நேரத்தில் சோர்வான நினைவுகளே முன்னுக்கு வந்து நிற்கும். கடைசி இரண்டு மாதங்கள் வருடம் முழுவதையும் மூடிவிடும். கைத்தொலைபேசியில் உள்ள நாட்காட்டி, எடுத்த படங்கள், வங்கிக் கூற்று, அலுவலக லீவுப் பதிவு ஆகியவற்றை எதிரே வைத்துக்கொண்டு ஜனவரியிலிருந்து மாதம் மாதமாகப் போங்கள். ஒவ்வொரு மாதத்துக்கும் இரண்டே விடயங்களை எழுதுங்கள்: அந்த மாதம் உங்கள் நேரத்தையும் பணத்தையும் அதிகம் எடுத்தது எது, அந்த மாதம் நீங்கள் செய்ததில் எது பலித்தது. மருந்தகப் பற்றுச்சீட்டும் பஸ் டிக்கெட்டும் டயரியைவிட நேர்மையான சாட்சிகள்.

இதைச் செய்த பிறகு "பாடம்" என்ற தலைப்பின் கீழ் என்ன எழுதுவது என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நீங்கள் எழுதியிருப்பது பாடமே அல்ல. "எதையும் முடிக்கத் தெரியாதவள் நான்" என்பது தீர்ப்பு. அதை வைத்துக்கொண்டு வருகிற திங்கட்கிழமை நீங்கள் வித்தியாசமாக எதையும் செய்ய முடியாது. மாறாக, உங்கள் கடிதத்திலேயே உண்மையான ஒரு பாடம் ஒளிந்திருக்கிறது: பெப்ரவரியிலும் மார்ச்சிலும் விடியற்காலையில் எழும்பிப் படித்த நாட்களில் படிப்பு நகர்ந்திருக்கிறது. வேலை முடிந்து வந்த பின் படிக்கலாம் என்ற ஏற்பாட்டைப் பற்றி நீங்கள் ஒன்றும் எழுதவில்லை. அது பலிக்கவில்லை என்றே நான் ஊகிக்கிறேன். "நான் காலையில் படித்தால் நகர்கிறது, மாலையில் நகர்வதில்லை" என்று எழுதினால் அது பாடம். அது சரியா பிழையா என்று இரண்டு வாரத்தில் சோதித்துப் பார்க்கலாம். ஆண்டிறுதியில் தன்னைப் பற்றி யோசிப்பவர்களில் ஒரு சாரார் நடந்ததைப் பிரித்துப் பார்க்கிறார்கள். இன்னொரு சாரார் "ஏன் நான் மட்டும் இப்படி" என்ற ஒரே கேள்வியைச் சுற்றிச் சுற்றி வருகிறார்கள். இரண்டும் வெளிப்பார்வைக்குச் சிந்தனை போலவே இருக்கும். பின்னது மனச்சோர்வை வளர்க்கும் என்பது உளவியலில் நன்கு நிறுவப்பட்ட விடயம். உங்கள் டயரியில் "நான்" என்ற சொல்லுக்குப் பின் ஒரு குணம் வந்தால் அடித்துவிடுங்கள். ஒரு செயல் வந்தால் வைத்துக்கொள்ளுங்கள்.

இனிப் பட்டியலுக்குள் போவோம்.

பரீட்சை. இரண்டு பாடங்களையும் ஒரே வருடத்தில் முடிப்பது என்று எழுதியபோது, எல்லாம் ஒழுங்காக நடக்கும் ஒரு வருடத்தை நீங்கள் மனதில் கண்டிருக்கிறீர்கள். எல்லோரும் அப்படித்தான் காண்கிறோம். கனடாவில் ரொஜர் பியூலரும் சகாக்களும் 1994இல் வெளியிட்ட ஆய்வில், இறுதியாண்டு மாணவர்களிடம் ஆய்வேட்டை எப்போது முடிப்பீர்கள் என்று கேட்டபோது சராசரியாக 34 நாள் என்றார்கள். எல்லாமே தடங்கலாகப் போனால் எத்தனை நாள் என்று கேட்டபோது 49 நாள் என்றார்கள். உண்மையில் எடுத்தது 55 நாளுக்கு மேல். அதாவது, மிக மோசமான நிலையை மனதில் வைத்துச் சொன்ன மதிப்பீடுகூடப் போதவில்லை. ஆகையால் வருகிற வருடம் ஒரு பாடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பாடம், எந்த அமர்வு என்பதை இப்போதே முடிவுசெய்து, அதற்கு முந்திய வாரத்துக்கு உரிய லீவைப் புதிய வருடம் தொடங்கியவுடனேயே எழுத்தில் கேட்டுவிடுங்கள். காலை ஐந்தேகாலிலிருந்து ஆறேகால் வரை, அம்மா எழும்புவதற்கு முன், சாப்பாட்டு மேசையில் என்று இடமும் நேரமும் எழுதுங்கள். இரண்டாம் பாடம் பட்டியலில் இருக்கவே கூடாது. அது கண்ணில் பட்டால் முதலாவதையும் கெடுக்கும்.

சிங்களத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான்கு வருடம் ஒரு வரி பட்டியலில் நகராமல் இருந்தால் பிழை பெரும்பாலும் அந்த வரியில்தான் இருக்கும். "சரளமாகப் பேசுவது" என்பதை எந்தக் கிழமை எத்தனை மணிக்குச் செய்வது? அதில் செய்வதற்கு ஒன்றுமில்லை. அடைவதற்கு மட்டுமே இருக்கிறது. ஜேர்மன் உளவியலாளர் பீற்றர் கோல்விற்சர் பல ஆண்டுகள் ஆராய்ந்து, 1999இல் சுருக்கமாக வகுத்துச் சொன்ன ஒரு முறை இங்கே உங்களுக்குப் பொருந்தும்: "இன்ன இடத்தில் இன்னது நேர்ந்தால் நான் இன்னது செய்வேன்" என்று நோக்கத்தைச் சூழ்நிலையோடு முன்கூட்டியே முடிச்சுப் போட்டுவிடுவது. 2006இல் அவரும் பஸ்கல் ஷீரனும் 94 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, வெறும் நோக்கத்தைவிட இவ்வாறு கட்டப்பட்ட நோக்கம் குறிப்பிடத்தக்க அளவு கூடுதலாக நிறைவேறியிருந்தது. அந்த நேரம் வரும்போது பேசலாமா, வேண்டாமா என்று யோசிக்கும் வேலை மிச்சமாகிறது என்பதே இதன் சூட்சுமம். உங்களைப் போல் கூச்சத்தினால் வாய் அடைபடுகிறவர்களுக்கு அந்த ஒரு கணம்தான் பெருந்தடை.

நடைமுறையில் இப்படிச் செய்யலாம். அலுவலகக் கன்டீனில் காலைத் தேநீர் வாங்கும்போது சிங்களத்தில் மட்டுமே பேசுவது என்று வையுங்கள். "ப்ளேன்டி எகக் தென்ன" (ஒரு வெறுந்தேநீர் தாருங்கள்) என்பதில் தொடங்குங்கள். அடுத்த கிழமை "அத சீனி அடுவென்" (இன்று சீனி குறைவாக) என்று ஒரு வசனம் கூட்டுங்கள். அங்கே பிழைவிட்டால் உங்களுக்கு நேரக்கூடிய அதிகபட்ச இழப்பு, தேநீரில் சீனி கூடுவது. கூட்டங்களிலும் வாடிக்கையாளர் தொலைபேசியிலும் இப்போதைக்கு ஆங்கிலமே இருக்கட்டும். உங்களுக்கு நெருக்கமான ஒரு சிங்களச் சக ஊழியரிடம், "நான் பிழையாகச் சொன்னால் திருத்துங்கள், ஆனால் ஆங்கிலத்துக்கு மாறாதீர்கள்" என்று கேட்டுக்கொள்ளுங்கள். நாங்கள் தடுமாறியவுடன் எதிரே நிற்பவர் மரியாதைக்காக ஆங்கிலத்துக்கு மாறிவிடுவது கொழும்பில் வழக்கம். அந்த மரியாதையே பலருடைய சிங்களத்தை முளையில் நிறுத்திவிடுகிறது. வெளியிலிருந்து வந்து வருடக்கணக்காக இங்கே வேலை செய்யும் எத்தனையோ பேர் காதால் முழுமையாகவும் வாயால் அரைகுறையாகவும் ஒரு மொழியை வைத்திருக்கிறார்கள். உங்களுக்குப் பேசும் பயிற்சிதான் இல்லையே தவிர அறிவு இருக்கிறது என்பதை நினைவில் வையுங்கள்.

சேமிப்பில் நீங்கள் உங்களுக்கே அநியாயம் செய்திருக்கிறீர்கள். நான்கு மாதத்தில் 1,40,000 ரூபா என்றால் மாதம் 35,000. அதே வேகத்தில் போயிருந்தால் டிசம்பரில் 4,20,000 இருந்திருக்கும். அது நின்றதற்குக் காரணம் அம்மாவின் செலவு. எதிர்பாராத வேளையில் கடன்படாமல் தாயின் சிகிச்சையைப் பார்ப்பதற்குத்தான் ஒருவர் சேமிக்கிறார். அந்தப் பணம் தன் வேலையைச் செய்துவிட்டது. மேலும், ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் சம்பளத்திலிருந்து 8 வீதமும் நிறுவனத்திடமிருந்து 12 வீதமும் இந்த வருடம் முழுவதும் போயிருக்கிறது. நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு நிறுவனம் செலுத்தும் 3 வீதம் அதற்கு மேல். மற்றவர்களின் பதிவுகளை மாதாமாதம் தயாரிக்கும் நீங்கள் உங்களுடையதைச் சேமிப்பாக எண்ணவில்லை. அதிலிருந்து ஒன்றைக் கற்றுக்கொள்ளலாம்: அந்த நிதி வளர்வதற்குக் காரணம் யாருடைய மன உறுதியுமல்ல, பணம் கைக்கு வருமுன்னரே அது பிரிக்கப்படுகிறது என்பதே. சம்பளம் விழும் நாளிலேயே ஒரு தொகை தானாக வேறு கணக்குக்கு மாறும் ஏற்பாட்டை வங்கியில் செய்யுங்கள். இப்போதைய நிலையில் 15,000 என்றாலும் போதும்.

நடைக்கு அதிகம் சொல்வதற்கில்லை. வெள்ளவத்தையில் இருப்பவருக்குக் கடலோர வீதியான மரைன் டிரைவ் வாசலில் இருக்கிறது. ஆனால் மே மாதத்திலிருந்து தென்மேல் பருவக்காற்றும் மழையும் அந்த வீதியை எப்படி ஆக்கும் என்பது உங்களுக்கே தெரியும், வீட்டில் நோயாளியும் இருந்தார். "தினமும்" என்ற சொல்லை எடுத்துவிடுங்கள். 21 நாள் தொடர்ந்து செய்தால் எதுவும் பழக்கமாகிவிடும் என்று பரவலாகச் சொல்லப்படுவதையும் நம்ப வேண்டாம். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பிலிப்பா லாலியும் சகாக்களும் 96 பேரை 12 வாரங்கள் கவனித்து எழுதிய ஆய்வில், ஒரு செயல் தானாக நடக்கத் தொடங்குவதற்கு நடுத்தரமாக 66 நாள் எடுத்தது. ஆளுக்கு ஆள் அது 18 நாளிலிருந்து 254 நாள் வரை வேறுபட்டது (12 வாரத்தைத் தாண்டியவை, அதுவரை கண்ட போக்கை வைத்துக் கணித்தவை). இடையில் ஒரு நாள் விட்டுப்போனது பெரிதாக எதையும் குலைக்கவில்லை. ஒரு நாள் விட்டதும் எல்லாம் போயிற்று என்று நினைப்பதுதான் குலைக்கிறது.

கோபத்தைப் பட்டியலிலிருந்து அடித்துவிடச் சொல்கிறேன். இது என் தொழில்முறை அபிப்பிராயம். மற்ற ஆறும் உங்களுடைய கையெழுத்தில் உங்களுடைய விருப்பங்களாக இருக்கின்றன. இந்த ஏழாவது மட்டும் யாரோ உங்களுக்குச் சொன்னதை நீங்கள் எழுதிவைத்தது போல் தெரிகிறது. அது எப்படி இருந்தாலும், காலையிலிருந்து அலுவலகம், மாலையிலிருந்து அம்மா, இரவில் அரைத்தூக்கம் என்று இருக்கும் ஒருவருக்கு வரும் கோபம் பெரும்பாலும் களைப்பின் வெளிப்பாடு. களைப்பைக் குறைக்க வழி தேடாமல் கோபத்தை மட்டும் அடக்க முனைந்தால், அடுத்த டிசம்பரிலும் அங்கே ஒரு புள்ளடி நிச்சயம். நிறைவேறாத ஓர் இலக்கை முறைப்படி விட்டுவிடுவது தோல்வியல்ல. கைக்கு எட்டாததிலிருந்து விலகி வேறொன்றில் கவனம் வைக்கக் கூடியவர்கள் மனநலத்தில் மேம்பட்டிருப்பதைக் கார்ஸ்டன் ரோஷும் சகாக்களும் 2003இல் எழுதிய ஆய்விலும் காணலாம்.

இப்படிப் பார்த்தால் வருகிற வருடத்துக்கு உங்கள் கையில் மூன்று மிஞ்சும்: ஒரு பாடம், கன்டீனில் சிங்களம், தானாகப் பிரியும் சேமிப்பு. நடை வந்தால் வரட்டும். மூன்றுக்கு மேல் வேண்டாம் என்பது எந்த ஆய்வின் முடிவுமல்ல. நோயாளி இருக்கும் வீட்டில் ஒருவரால் தாங்கக் கூடியது அவ்வளவுதான் என்பது என் மதிப்பீடு.

தொடங்கும் நாளையும் டிசம்பர் 31 நள்ளிரவோடு கட்டிப்போட வேண்டியதில்லை. ஹெங்சென் டாய், கத்தரின் மில்க்மன், ஜேசன் ரீஸ் ஆகியோர் 2014இல் காட்டியபடி, வாரத் தொடக்கம், மாதத் தொடக்கம், பிறந்தநாள் போன்ற எந்தப் புதுத் தொடக்கமும் மனிதரை ஒரு தள்ளுத் தள்ளிவிடுகிறது. அந்த வகையில் நாங்கள் வசதியானவர்கள். ஜனவரி 1 போனாலும் இரண்டு வாரத்தில் தைப்பொங்கல், ஏப்ரல் நடுவில் மருத்துநீரும் கைவிசேஷமுமாகச் சித்திரைப் புத்தாண்டு. பெரும்பாலான நிறுவனங்களைப் போல உங்கள் நிறுவனமும் மார்ச் 31இல் கணக்கை மூடுகிறது என்றால், டிசம்பரில் மூடியே ஆக வேண்டும் என்ற அவசரம் உங்களுக்கே விநோதமாகத் தோன்ற வேண்டும். ஜனவரி முதல் இரண்டு வாரத்தை மேலே சொன்ன மறுகணக்குக்கு வைத்துக்கொள்ளுங்கள். பொங்கலன்று தொடங்குங்கள். சித்திரைக்கு முதல்நாள் ஒரு மணிநேரம் உட்கார்ந்து, எது நகர்ந்தது, எதற்கு நேரமோ இடமோ மாற்ற வேண்டும் என்று பாருங்கள். வருட நடுவில் வீட்டுநிலை மாறினால் பட்டியலையும் அன்றே மாற்றி எழுதுங்கள். திருத்திய பாதீடு என்று ஒன்று உங்கள் தொழிலில் உண்டல்லவா?

உங்களோடு படித்தவர்களைப் பற்றிய வசனத்துக்கு ஒன்று மட்டும் சொல்கிறேன். டிசம்பரில் வாட்ஸ்அப் குழுக்களில் ஓடும் படங்கள் அவர்களுடைய முதற்பக்கமும் அல்ல, அவர்களுடைய மே மாதமும் அல்ல. ஜனவரி நடுவரை அந்தக் குழுவை ஒலியடக்கி வையுங்கள்.

நித்திரையைப் பற்றிக் கடைசியில் ஒரு வரியாக எழுதியிருந்தீர்கள். அதை நான் கடைசி விடயமாக எடுக்கவில்லை. அம்மாவுக்காக எழுவதால் தூக்கம் கெடுவது வேறு. அவர் அமைதியாகத் தூங்கும் இரவுகளிலும் உங்களுக்குத் தூக்கம் வராமலிருப்பது வேறு. இரண்டு வாரங்களுக்கு மேலாக நாளின் பெரும்பகுதியில் மனம் இருண்டிருந்தால், பசியோ எதிலும் ஈடுபாடோ குறைந்திருந்தால், தாமதிக்காமல் வைத்தியரைப் பாருங்கள். உயிரோடு இருப்பதில் அர்த்தமில்லை என்ற எண்ணம் தலைகாட்டினால் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு எந்த நேரமும் அழைக்கலாம், தமிழில் பேசலாம்.

புதிய பட்டியலைத் தொடங்குவதற்கு முன்னர் இந்தக் கிழமை செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது, அது எந்தப் பட்டியலிலும் இல்லை. தம்பி காசு அனுப்புகிறார். நேரம் முழுவதும் உங்களுடையதாக இருக்கிறது. அதை அவரிடம் நீங்கள் சொல்லியிருப்பதாகக் கடிதத்தில் தெரியவில்லை. அவர் இருப்பது ரொறன்ரோ பக்கம் என்றால், ஞாயிறு காலை ஏழரைக்கு நீங்கள் அழைத்தால் அங்கே சனிக்கிழமை இரவு ஒன்பது மணி. இருவருக்கும் வேலையில்லாத நேரம். அம்மாவின் உடல்நிலையைச் சொல்லிவிட்டு, இரண்டே விடயங்களைக் கேளுங்கள்: கிழமையில் இரண்டு இரவுகளுக்குப் பராமரிப்பாளர் ஒருவரை அமர்த்தும் செலவை அவர் ஏற்பாரா, வருகிற வருடம் உங்கள் பரீட்சை நடக்கும் மாதத்தில் மூன்று கிழமை இங்கே வந்து நிற்பாரா. லீவு எடுப்பதற்கு அங்கேயும் முன்கூட்டியே சொல்ல வேண்டியிருக்கும், ஆகையால் பரீட்சைத் திகதியைக் கையில் வைத்துக்கொண்டே அழையுங்கள்.

அன்புடன்,
உளவளத்துணையாளர், கொழும்பு